தோலுறைக்குள் பூட்டி வைக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அன்றாடம் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள மனம் வராத அளவுக்கு அழகான மடக்குக் கத்தி ஒன்று கையில் இருக்கிறது, அதை என்ன செய்வது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். "சமையல் எண்ணெய் தடவி, தோலுறையிலேயே போட்டு, பெட்டியில் பூட்டி வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை பாலிஷ் போட்டால் போதும்" என்று உங்கள் நாளிதழில் பதில் வந்தது. நல்ல எண்ணத்தில் சொன்ன பதில்தான். ஆனால் சமையல் எண்ணெய், தோலுறை, பூட்டிவிட்டு மறப்பது, பாலிஷ் என்ற நான்குமே அந்தக் கத்தியைக் கெடுக்கும். பையில் கிடந்து தேய்ந்த கத்திகளைவிட, இப்படிப் பெட்டிக்குள் கிடந்து பாழான உயர்தரக் கத்திகள் அதிகம் என்பது இந்த வேலையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாகப் போகிறது.

முதலில் தோலுறை. தோலைப் பதப்படுத்துவது பெரும்பாலும் துவர்ப்புச் சாற்றாலோ குரோமிய உப்பாலோதான். மென்மையாக இருக்க அதில் கொழுப்பும் ஏற்றுவார்கள். போதாததற்கு, தோல் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி உள்ளே வைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் இதற்குள் கிடக்கும் கத்தியில் எஃகு துருப்பிடிக்கும். பூணிலும் (பிடியின் நுனியில் உள்ள உலோகக் கவசம்) உள்தகட்டிலும் (பிடிக்குள் அலகின் இருபுறமும் உள்ள தகடு) இருக்கும் பித்தளை, ஜெர்மன் சில்வர் இரண்டிலுமே செம்பு உண்டு. அந்தச் செம்பு தோலில் உள்ள கொழுப்பமிலத்தோடு சேர்ந்து களிம்பாகிவிடும். உறையிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் ஒவ்வொரு ஆணித்தலையைச் சுற்றியும் மெழுகு மாதிரி ஒரு பச்சை வளையம் தெரியும். லிக்விட் பாரபினில் தொட்ட பல்குச்சியால் சுரண்டினால் அது வந்துவிடும், ஆனால் அதற்கடியில் உலோகம் அரித்த குழி போகாது. உறை என்பது கத்தியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எடுத்துப்போக மட்டும். வீட்டுக்கு வந்ததும் கத்தி தனி, உறை தனி.

சமையல் எண்ணெய்களில் பல காற்றுப் பட்டு மெல்ல மெல்லப் பிசுபிசுத்து, கடைசியில் பிசினாக இறுகும். அச்சாணியைச் சுற்றி இறுகிவிட்டால் அலகைத் திறப்பதே பாடு. நகப்பள்ளத்தில் நகத்தை வைத்து இழுத்தால் நகம்தான் பிய்யும். குறடு போட்டு இழுப்பவர்கள் அலகின் பக்கவாட்டில் பல்தடம் பதித்துவிடுகிறார்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரபின் நாள்பட்டாலும் கெடாது, பிசினாகாது, சாப்பிடும் பொருளை வெட்டினாலும் பயமில்லை. ஜப்பானியர்கள் வாள்களுக்குப் பூசும் கமேலியா எண்ணெயும் நல்லது. நீண்ட நாள் எடுக்கப்போவதில்லை என்றால் நுண்படிக மெழுகு பூசலாம். பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வுக்கூடத்தில் உருவான ரினைசான்ஸ் வாக்ஸ் இந்த வகைதான். ஆனால் உணவை வெட்டும் அலகில் அதைப் பூசக்கூடாது.

பாலிஷ் விஷயத்தில் நடக்கும் சேதம் எளிதில் சரிசெய்ய முடியாதது. டமாஸ்கஸ் என்று இன்று விற்பவை பெரும்பாலும் இரண்டு வகை எஃகை அடுக்கடுக்காக வைத்து, நெருப்பில் காய்ச்சி அடித்து ஒட்டியவை. 1084, 15என்20 என்ற எஃகு ஜோடி அதில் மிகப் பழக்கமானது. இரண்டாவதில் சுமார் 2% நிக்கல் இருக்கிறது. ஃபெரிக் குளோரைடு என்ற அரிக்கும் கரைசலில் முக்கினால் முதலாவது கறுத்துப்போகும், நிக்கல் உள்ளது வெளிறி நிற்கும். நாம் ரசிக்கும் அந்த அலைக்கோலம் அவ்வளவுதான்: மேற்பரப்பில் அமிலம் தின்ற மிக மெல்லிய மேடு பள்ளம். உலோக பாலிஷைத் துணியில் தொட்டுத் தேய்க்கத் தேய்க்க அது மங்கிக்கொண்டே போகும். பழைய கத்திகளில் அலகின் அடியில் பொறித்த தயாரிப்பாளர் முத்திரைக்கும் இதே கதிதான். அமோனியா கலந்த பாலிஷ் பித்தளையின் இடுக்கில் தங்கினால் நாளடைவில் விரிசலே விடலாம். பழைய எஃகில் படிந்த கருமை அழுக்கு அல்ல. அந்தப் படலம் சிவப்புத் துருவைத் தடுத்து நிற்பது. அதைத் துடைத்து எடுக்கவே வேண்டாம்.

இனி, கைப்பிடி. இது தெரியாமல் எந்தக் கத்தியையும் பெட்டியில் அடைக்கக்கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஏராளமான அழகிய பேனாக்கத்திகளுக்கு செல்லுலாய்டில் பிடி போட்டார்கள். முத்துச்சிப்பி போலவும், ஆமையோடு போலவும், பளிங்குபோல வரியோடியும் இருக்கும். கட்டைவிரலால் அரை நிமிடம் அழுத்தித் தேய்த்துச் சூடேற்றிவிட்டு முகர்ந்து பாருங்கள். கற்பூர வாசனை வந்தால் அது செல்லுலாய்டு. நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்ந்த பொருள் அது. வயதாக ஆக அது தானே சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளிவிடும். ஈரத்தோடு சேர்ந்தால் நைட்ரிக் அமிலம். அந்த அமிலம் சிதைவை இன்னும் வேகப்படுத்தும். மூடிய பெட்டிக்குள் அந்தக் காற்று வெளியேற வழியே இல்லை. ஒரு செல்லுலாய்டுப் பிடி கெட ஆரம்பித்தால், பக்கத்தில் இருக்கும் நல்ல கத்திகளின் அலகெல்லாம் ஒரே பருவத்தில் துருவேறிப்போகும். கற்பூர மணம் போய்ப் புளித்த நெடி வருவது, பிடி ஆணிகளைச் சுற்றிச் சுருங்கி வெடிப்பது, உள்ளிருக்கும் பித்தளை திடீரென்று பச்சை பூப்பது ஆகியவை அறிகுறிகள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அந்தக் கத்தியை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து, குளிர்ந்த, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். நெருப்பின் பக்கமே கொண்டுபோகக் கூடாது, பொசுக்கென்று பற்றிக்கொள்ளும். கேள்வி கேட்ட வாசகரின் கத்திப் பிடி எதனால் ஆனது என்று பதிலில் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

முத்துச்சிப்பிப் பிடிக்கு எதிரிகள் வேறு. அது சுமார் 95% கால்சியம் கார்பனேட். புளிப்பான சாறு பட்டால் மேற்பரப்பு மங்கும், கீழே விழுந்தால் ஆணித்துளையிலிருந்து கீறும். யானைத் தந்தமும் மாமத் தந்தமும் காற்று உலர்ந்தால் வெடிக்கும். தந்தப் பிடி என்றால் சட்டமும் உண்டு: 1989-இல் ஆப்பிரிக்க யானையும் அருகும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் சேர்ந்துவிட்டதால், உரிய சான்று இல்லாமல் அதை எல்லை தாண்டி எடுத்துச்செல்ல முடியாது.

இவ்வளவும் சொன்னபிறகு, "அப்படியானால் பையிலேயே வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்பார்கள். அதற்கு ஒரே பதில் கிடையாது. அந்தக் கத்தியில் எது உயர்ந்தது என்று முதலில் பார்க்க வேண்டும்.

பையில் சாவியும் சில்லறையும்தான் எதிரி என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மணல்தான் பெரிய எதிரி. பையின் அடித்தையலில் எப்போதும் கொஞ்சம் மண்துகள் இருக்கும். அதிலுள்ள குவார்ட்சின் கடினம் மோஸ் அளவில் 7. முத்துச்சிப்பி 3.5, பித்தளை 3-ஐ ஒட்டி. கடினப்படுத்திய அலகு எஃகுகூடப் பொதுவாக 7-க்குச் சற்றுக் கீழேதான். ஆகவே கண்ணாடிபோலத் தேய்த்த பூணை ஒரு வாரம் பையில் போட்டாலே பக்கவாட்டு வெளிச்சத்தில் சிலந்தி வலைபோலக் கீறல் தெரியும். டைட்டானியப் பிடியில் நீலமும் ஊதாவும் மின்னுகிறதே, அது சாயம் அல்ல. மின்சாரம் பாய்ச்சி வளர்த்த ஆக்சைடுப் படலம். அதன் தடிமன் பெரும்பாலும் 200 நானோமீட்டரைத் தாண்டாது. ஒளி அதில் பட்டுத் திரும்புவதால்தான் நிறம். விளிம்புகளில் முதலில் தேய்ந்து சாம்பல் நிறம் எட்டிப்பார்க்கும். (விரல் எண்ணெய் பட்டு நிறம் மாறியதைத் தேய்மானம் என்று எண்ணிக் கலங்க வேண்டாம். ஆல்கஹால் தொட்ட துணியால் ஒரு துடை துடைத்தால் பழைய நிறம் வந்துவிடும்.)

பையில் இருக்கும் கத்திக்கு வெளியே நேரும் கீறலைவிட, உள்ளே சேரும் பஞ்சுதான் ஆபத்து. துணியின் நூல்தூசி அலகு மடங்கும் பள்ளத்தில் போய் ஸ்பிரிங்கின் அடிப்பக்கத்தில் மெத்தைபோலப் படியும். வியர்வையின் ஈரமும் உப்பும் அதில் ஊறி நிற்கும். வெளியில் பளபளவென்று இருக்கும் கத்தியின் ஸ்பிரிங் உள்ளுக்குள் துருப்பிடித்து, ஒருநாள் திறக்கும்போது பட்டென்று முறிவது இப்படித்தான். மாதம் ஒருமுறை பல்குச்சியால் அந்தப் பஞ்சை நெம்பி எடுத்து, அச்சாணியில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பத்துமுறை மெதுவாகத் திறந்து மூடி, கறுப்பாக வெளியே வரும் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். கறுப்பு நிற்கும்வரை இதைத் திரும்பச் செய்யலாம். இரண்டு சொட்டு விட்டால் இரண்டு மடங்கு நல்லது என்று எண்ண வேண்டாம். மிஞ்சிய எண்ணெய் தூசியைப் பிடித்துவைக்கும், பிடி மரமாக இருந்தால் ஊறிக் கறுக்கும்.

நகப்பள்ளமும் ஸ்பிரிங்கும் உள்ள கத்தி எவ்வளவு நன்றாகச் செய்தது என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. மூடிய நிலையில் முதுகின்மேல் நகத்தை ஓட்டுங்கள். பிறகு முழுதும் திறந்து ஓட்டுங்கள், பாதியில் நிற்கும் அமைப்பு இருந்தால் அந்த நிலையிலும். ஸ்பிரிங்கும் உள்தகடும் சேரும் இடத்தில் நகம் எங்கும் தட்டக்கூடாது. அப்படி இணைந்திருக்கும் கத்தி கைவினைஞர் ஒருவர் அச்சையும் ஸ்பிரிங்கையும் அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவி, கழற்றி, மாட்டி, மீண்டும் ராவிச் செய்தது. அதைச் சடாரென்று மூடவிட்டுச் சத்தம் கேட்டு மகிழ்வது அதற்குச் செய்யும் கொடுமை. அலகைக் கடைசிவரை விரலால் பிடித்தே இறக்குங்கள். எங்கும் நிற்காத இடைநிலையில் விட்டு வைக்கவும் வேண்டாம், ஸ்பிரிங் வளைந்த நிலையிலேயே இருக்கும்.

உயர்ந்த கத்திகள் பல கெடுவது சாணையில்தான். மின்சாணைச் சக்கரத்தில் இதைக் கொடுக்கவே கூடாது. சாதாரணக் கார்பன் எஃகு அலகைக் கடினப்படுத்தியபின் பதம் இறக்குவது (நொறுங்காமலிருக்க மீண்டும் மிதமாகச் சூடேற்றுவது) ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸில். கத்தியின் வாய் காகிதம்போல மெலிந்தது. சக்கரத்தில் பட்ட ஒரு நொடியில் அந்த வெப்பத்தைத் தாண்டிவிடும். தண்ணீரில் தோய்த்தால் சரியாகிவிடும் என்பதும் தவறு, போன பதம் போனதுதான். வாயோரத்தில் வைக்கோல் நிறமோ நீலமோ படர்ந்திருந்தால் அந்த இடம் மென்மையாகிவிட்டது என்று பொருள். அடுத்த முறை தீட்டினாலும் கூர் நிற்காது. நிறம் தெரியும் அளவுக்கு மேல் அந்த விளிம்பு முழுவதையும் கல்லில் மெதுவாகத் தேய்த்து எடுத்தால்தான் விமோசனம்.

கையால் தீட்டுவது கடினமில்லை. அலகின் இரு பக்கத்திலும் பூணிலும் ஒட்டுநாடா ஒட்டிவிடுங்கள், வாயோரம் 2 மில்லிமீட்டர் மட்டும் தெரியட்டும். கல் நழுவினால் கீறல் நாடாவோடு போகும். சாய்வு பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி. இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. அலகின் அகலத்தில் நான்கில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைக் கல்லிலிருந்து தூக்கினால் சுமார் 15 டிகிரி, மூன்றில் ஒரு பங்கு தூக்கினால் சுமார் 20. 12 மில்லிமீட்டர் அகல அலகுக்கு அது 3 அல்லது 4 மில்லிமீட்டர். 1000 நம்பர் கல்லில் தொடங்கி, எதிர்ப்பக்கத்தில் அடியிலிருந்து முனைவரை பிசிறு (வாயோரத்தில் மடங்கி எழும் மெல்லிய உலோக விளிம்பு) தட்டுப்படும்வரை ஒரே பக்கம் தேய்த்து, பிறகு பக்கம் மாற்ற வேண்டும். விரலை வாயோடு சேர்த்து ஓட்டாதீர்கள், முதுகிலிருந்து வாயை நோக்கிக் குறுக்காக இழுத்துப் பாருங்கள். பிசிறு எழும்பாமல் நுண்கல்லுக்குத் தாவுவதுதான் "எவ்வளவு தீட்டியும் கூர் வரவில்லை" என்ற புலம்பலுக்குக் காரணம். அடுத்து 3000 அல்லது 6000, கடைசியில் குரோமியம் ஆக்சைடு தடவிய தோல்வாரில் பக்கத்துக்குப் பத்து இழுப்பு. இழுக்கும்போது முதுகு முன்னே போக வேண்டும், வாய் பின்னே வர வேண்டும்.

அலகின் அடியில், கூர் தொடங்குவதற்கு முன்னால் ஒரு சிறு திண்டு இருக்கும். மூடும்போது அந்தத் திண்டுதான் ஸ்பிரிங்கில் போய் உட்கார்ந்து, வாய் ஸ்பிரிங்கில் இடிக்காமல் காக்கிறது. கல்லின் ஓரத்தில் அது உரசித் தேய்ந்தால் அலகு இன்னும் ஆழமாக இறங்கும். அதன்பின் ஒவ்வொரு முறை மூடும்போதும் வாயின் நடுவில் ஒரே இடத்தில் மழுங்கும். தீட்டிய மறுநாளே அதே இடத்தில் மழுங்கலைக் காட்டும் மினுக்கம் தெரிந்தால் கல்லையும் எஃகையும் குறை சொல்லாமல் இந்தத் திண்டைப் பாருங்கள்.

புதுவகைத் தூள் எஃகுகளுக்கு வேறு கல் வேண்டும். எஸ்90வி போன்றவற்றில் 9% வனேடியம் உண்டு. அதன் கார்பைடு சாதாரண அலுமினியம் ஆக்சைடு கல்லைவிடக் கடினமானது. எவ்வளவு தேய்த்தாலும் பிசிறு எளிதில் வராது. வைரப் பொடித் தகடு இருந்தால் ஐந்தே நிமிடம்.

தீட்டலாமா என்பதே சில கத்திகளுக்குக் கேள்வி. ஒருமுறைகூடத் தீட்டாத, தொழிற்சாலை விளிம்போடு இருக்கும் பழங்கத்தியைச் சேகரிப்பாளர்கள் அதற்காகவே தேடுவார்கள். முதல் தீட்டலோடு அந்த மதிப்பு இறங்கிவிடும். அப்படிப்பட்டது கையில் இருந்தால் தொடாதீர்கள். ஆனால் பெரும்பாலோரிடம் இருப்பது அது அல்ல. நல்ல எஃகு, நல்ல பிடி, வேலைக்கென்றே செய்தது, கையில் எடுக்கத்தான் தயக்கம். கிறிஸ் ரீவ் தன் புகழ்பெற்ற டைட்டானியக் கத்திக்கு வைத்த செபென்சா என்ற பெயருக்கு சூலு மொழியில் "வேலை" என்றே பொருள். இந்த வகைக் கத்தியை மேசையருகே வைத்து வெட்டுவதற்கே பயன்படுத்துங்கள். கடித உறை, நூல், பழம், பென்சில் எல்லாம் அதற்குத் தகும். புளிப்பான பழம் வெட்டினால் கார்பன் எஃகு நீலமும் சாம்பலுமாகக் கறுக்கும், அது கெடுதல் இல்லை, உடனே கழுவித் துடைத்தால் போதும். அட்டைப்பெட்டி வேண்டாம். அட்டையில் களிமண் போன்ற கனிமத் தூளும் மண்துகளும் இருக்கும், அவை வாயைத் தேய்க்கும். ஒட்டுநாடாவின் பசை அலகில் ஒட்டி அச்சாணிவரை போகும். நெம்புவதும் திருகுவதும் எந்த மடக்குக் கத்திக்கும் ஆகாது. முனை ஒடிந்தால், முதுகுப் பக்கத்திலிருந்து தேய்த்துப் புது முனை எடுக்க வேண்டும். வாய்ப் பக்கம் தேய்த்து எடுத்தால் மூடும்போது முனை வெளியே துருத்திக்கொண்டு துணியைக் கிழிக்கும்.

வெளியே போகும்போது பையில் இருக்க வேண்டியது வேறொரு எளிய கத்தி. 1890 முதல் வரும் ஓப்பினெல், அலுமினியப் பிடிபோட்ட விக்டோரினாக்ஸ் மாதிரி, தொலைந்தாலும் நெஞ்சு பதறாதது. பல நாடுகளில் விமான நிலையச் சோதனையில் கத்தியை வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுவார்கள், திரும்பக் கிடைக்காது. பிரிட்டனில் காரணம் சொல்லாமல் வைத்துக்கொள்ள அனுமதி, வாய் 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டில்லாத (திறந்த அலகை மடங்காமல் பிடித்து நிறுத்தும் அமைப்பு இல்லாத) மடக்குக் கத்திக்கு மட்டும்தான். உயர்தரக் கத்திகளில் பலவற்றுக்குப் பூட்டு உண்டு என்பதால் அங்கே கவனம் வேண்டும்.

எடுத்து வைக்கும் முறை சுருக்கமானது. கைரேகையைத் துடைத்தபிறகே வையுங்கள். விரலின் உப்பு, கண்ணாடிபோல மெருகேற்றிய அலகில் ஓரிரு நாளில் ரேகை வடிவிலேயே துருவாகப் பதியும். அலகில் எண்ணெய் பூசியது தெரியாத அளவுக்கு மெல்லிய படலம் போதும். சாயமில்லாத பருத்தித் துணியில் சுற்றி, சிறு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஈரப்பதம் 40 முதல் 50% இருந்தால் எஃகுக்கும் நல்லது, தந்தத்துக்கும் மரத்துக்கும் நல்லது. அதற்கும் கீழே உலர்த்திவிட்டால் பிடி வெடிக்கும். ரப்பரில் உள்ள கந்தகம் உலோகத்தைக் கறுக்கவைக்கும் என்பதால் ரப்பர் வளையம் போட வேண்டாம். பூட்டுவது தவறில்லை, பூட்டிவிட்டு மறப்பதுதான் தவறு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, திறந்து, முகர்ந்து பாருங்கள். ஊசிமுனையளவு துருப்புள்ளி கண்டால் உப்புத்தாளை எடுக்காதீர்கள். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஒருநாள் ஊறவைத்து, கூராகச் சீவிய மூங்கில் குச்சியால் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும்.

உங்கள் பதிலை வெட்டி எடுத்து வைத்திருக்கும் வாசகர்கள் இருப்பார்கள். தோலுறையையும் சமையல் எண்ணெயையும் பற்றிய வரிகளையும், செல்லுலாய்டுப் பிடி பற்றிய எச்சரிக்கையையும் மட்டுமாவது அதே பகுதியில் திருத்தமாக வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கத்தி செப்பனிடும் வாசகர் ஒருவர்